தலைவர் போன ஒழுங்கை

நமசிவாயத்துக்கு ஊர் ஆஸ்பத்திரி என்றால் உயிர். கூட்டுறவுச் சங்க மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், ஓய்வு பிடிக்காமல் ஆஸ்பத்திரி நலன்புரிச் சங்கத்துக்குத் தலைவரானார். கனடாவிலிருக்கும் ஊர்க்காரரை நச்சரித்து, பாரிசவாத நோயாளருக்கென்று தனிக் கட்டடமே எழுப்புவித்தார். கல்லில் கொடையாளர் பெயர்கள் ஏறின, நாடாவும் வெட்டியாயிற்று. மூளையைப் படம் பிடிக்கும் ஸ்கான் இயந்திரம் மட்டும் வரவில்லை. தலைவர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சுகாதாரப் பகுதியார் சுற்றுவட்டாரச் சங்கங்களைக் கூட்டத்துக்கு அழைத்து ஒரு திட்டத்தை வைத்தார்கள். வாய் கோணி, கை விழுந்தவரைச் சின்ன ஆஸ்பத்திரிகளில் இறக்காமல் நேரே பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்; ஸ்கான் எடுத்துப் பார்த்து இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவது அங்கேதான், அது பிந்தப் பிந்தப் பலன் குறையும் என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் வித்தியா பொறுமையாக விளக்கினார். எங்கள் ஆஸ்பத்திரியைத் தாண்டிப் போவது ஊருக்கே அவமானம் என்று நமசிவாயம் எழும்பினார். உடனே அயலூர்க்காரரும் தங்களுக்கும் ஒரு கட்டடம் கேட்டார்கள். வடை வந்தது. திட்டம் ஒத்திவைக்கப்பட்டது.

அடுத்த மாதம் ஒரு காலை, புட்டுக்கு மா குழைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி குணலட்சுமியின் வலக்கை சோர்ந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்தது. அவளில்லாமல் தேநீர்கூடப் போடத் தெரியாத மனிதர் அலறியடித்து அம்புலன்சைக் கூப்பிட்டார். அம்புலன்ஸ் வந்ததும், உங்கள் ஆஸ்பத்திரிக்கா என்று சாரதி ஜெயசுதன் கேட்டான்.

"பெரியாஸ்பத்திரிக்கு விடு, தம்பி."

வண்டி புறப்பட்ட பிறகுதான் மற்றது உறைத்தது. பெரிய வீதியால் போனால் ஊர் ஆஸ்பத்திரி வாசலைக் கடக்க வேண்டும். அங்கே சங்கப் பொருளாளர் இளையதம்பி பத்திரிகையும் கையுமாகக் குந்தியிருப்பார். தலைவரின் பெண்சாதியே தாண்டிப் போகிறாள் என்ற கதை ரொறன்ரோ விடியமுன் அங்கே போய்விடும்.

"தம்பி, உந்தச் சைரனை நிப்பாட்டு. பின்பக்க ஒழுங்கையாலை விடு," என்றார், மனைவியின் தலைமாட்டில் இருந்தபடியே.

ஒழுங்கை ஒடுக்கம் என்று ஜெயசுதன் சொல்லிப் பார்த்தான். தலைவர் கேட்கவில்லை. மதகு கட்டக் கிண்டியிருந்த குழியில் பின்சில்லு இறங்கிவிட்டது. தோட்டத்திலிருந்து லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து இழுத்து எடுப்பதற்குள் ஒழுங்கைச் சனம் முழுக்க வேலியோரம் கூடிவிட்டது. யாரோ போனில் எடுத்த படம் ரொறன்ரோவுக்குப் போயே விட்டது.

பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். பேச்சு மெல்ல மெல்லத் திரும்பியது. கை திரும்பவில்லை. இன்னும் முந்தி வந்திருந்தால் கையும் தப்பியிருக்கக்கூடும் என்றார் டொக்டர் வித்தியா. ஏன் பிந்தியது என்று கேட்டதற்கு, வீதி சரியில்லை என்றார் நமசிவாயம்.

அடுத்த கூட்டத்தில் திட்டத்தை முதலில் ஆதரித்தவர் அவர்தான். கைதட்டினார்கள்; தூரநோக்குள்ள தலைவர் என்று மாலையும் போட்டார்கள். வீட்டுக்கு வந்து, குணலட்சுமிக்குச் சோறு தீத்திக்கொண்டே எல்லாவற்றையும் பெருமையாகச் சொன்னார். அவள் மென்று விழுங்கிவிட்டு, மடியில் கிடந்த கையைப் பார்த்தாள்.

"எனக்கு அண்டைக்கு வாய்தான் வரேல்லையப்பா," என்றாள், சொற்களை இழுத்து. "காது கேட்டது."