மாப்பிள்ளை வீட்டார் தவறணைக்கு வந்தார்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அத்தானும் கள்ளுக் குடிக்கப் போவோம். குடிக்க என்று சொன்னால் அத்தானுக்குக் கோபம் வரும். ருசி பார்க்க. எங்கள் குடியேற்றத் திட்டத்து வாய்க்கால் ரோட்டிலிருந்து என்னுடைய மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால் ஒரு கிழமை பரந்தன் பக்கம், மறு கிழமை புதுக்குடியிருப்பு, எண்ணெய் இருந்தால் முல்லைத்தீவுக் கரை வரைக்கும் போவோம். ஒரு கள்ளுத் தவறணையில் அரைக் கோப்பை, அடுத்ததில் அரைக் கோப்பை. மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் நிற்போம். இரண்டு பேரும் நேராக நடந்துதான் படலையைத் திறப்போம்.

அத்தான் என் அக்காவின் புருசன். வயல் செய்கிறவர். அவருடைய நெல்லை ஒருவரும் மெச்சியதில்லை, நாக்கைத்தான் மெச்சுவார்கள். பனங்கள்ளில் ஒரு மிடறு எடுத்து வாய்க்குள் உருட்டி, இது இன்று காலை இறக்கியது, இதில் நேற்று மிஞ்சியதையும் சேர்த்திருக்கிறான், இதற்குச் சீனி போட்டிருக்கிறான் என்று சொல்லுவார். பிழைத்ததில்லை. சொல்லுகிற விதம்தான் பிழை. நல்ல கள்ளு என்றால் தலையை ஆட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார். கூடாத கள்ளு என்றால் மட்டும் வாய் திறக்கும், அதுவும் தவறணை முழுக்கக் கேட்கத்தக்கதாக. கரைப்பக்கத்தில் ஒரு தவறணையில் திருக்கை மீன் வறையைத் தின்றுவிட்டு, "கறி நல்லாயிருக்கு, அதைக் கழுவ ஏதும் இருந்தாத் தாங்கோ" என்று கோப்பையைத் திருப்பிக் கொடுத்தவர். அங்கே இருந்த, நாலு வள்ளம் வைத்திருக்கிற சம்மாட்டி ஒருவர் சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிப் போனார். நானும் சிரித்தேன். பிறத்தியான் அவமானப்படும்போது சிரிப்பு எவ்வளவு சுகமாக வருகிறது!

அத்தானுக்கு ஒரே மகள். எனக்கு மருமகள். முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். சாதகத்தில் செவ்வாய்க் குற்றம் இருந்ததால் முப்பது தாண்டியும் ஒன்றும் பொருந்தி வரவில்லை. வந்த ஒன்றிரண்டும் படத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் போயின. அந்த வருசம்தான் வவுனியாவிலிருந்து ஒரு மாப்பிள்ளை பொருந்தினான். கச்சேரியில் அரசாங்க வேலை, அவனுக்கும் செவ்வாய். இரண்டு பேரும் போனில் கதைக்கத் தொடங்கியிருந்தார்கள். போனைப் பார்த்து அவள் தனக்குள்ளே சிரிப்பதை அக்கா எனக்குக் கண்ணால் காட்டினாள். அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்கு முன் கண்டதில்லை. இனி விசாரிப்பு ஒன்றுதான் பாக்கி என்று தரகர் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் சம்பந்தம் பேச வருகிறவர்கள் பெண் வீட்டைப் பற்றிக் கோயிலில் விசாரிப்பதில்லை. கோயிலில் எல்லாரும் நல்லவர்கள். பள்ளிக்கூடத்தில் விசாரித்தால் அதிபர் பயந்து பயந்து கதைப்பார். அதனால் தவறணைக்கு வருவார்கள். ஆளுக்கொரு கோப்பையை வாங்கிக்கொண்டு இருந்தால் ஊரின் குடலையே உருவிவிடலாம். இது எல்லாருக்கும் தெரியும். அத்தானுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் எங்கள் ஊர்த் தவறணையில் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அது தைமாதம். பனங்கள்ளு தொடங்கிய நேரம். முந்திய இரவு நல்ல மழை. நாங்கள் தூர இடங்களுக்கெல்லாம் போகிறவர்கள் என்பதால் உள்ளூர்த் தவறணையை நடத்துகிற முகாமையாளருக்கு எங்களில் ஏற்கெனவே ஒரு மனக்குறை இருந்தது. அன்று ரோடு சேறாகக் கிடந்தபடியால் அங்கேயே போனோம். அவர் சந்தோசமாகத் தன் கையாலேயே ஊற்றிக் கொடுத்தார். அத்தான் ஒரு மிடறு எடுத்தார், உருட்டினார், எழும்பிப் போய் வேப்பமரத்தடியில் துப்பினார்.

"இது கள்ளில்லை. கள்ளுப்பானை கழுவின தண்ணி."

சனம் கொல்லென்று சிரித்தது. முகாமையாளரின் முகம் கறுத்துப் போயிற்று. "அண்ணை, ராத்திரி மழையல்லோ பெய்தது. மரத்திலை தொங்கின முட்டிக்குள்ளை மழை விழுந்திருக்கும். நான் ஒரு சொட்டும் கலக்கேல்லை," என்றார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். அத்தானின் நாக்குக்குத் தண்ணீரைத் தெரியும். அது வானத்திலிருந்து வந்ததா வாளியிலிருந்து வந்ததா என்று தெரியாது. ஆனால் தன் நாக்கில் சந்தேகம் என்ற சாமானே இல்லாத மனுசன் அவர். "எல்லா முட்டிக்கும் அளந்து விழுந்த மழையோ?" என்று கேட்டார். மறுபடியும் சிரிப்பு.

அதற்குப் பிறகு அந்த முகாமையாளருக்கு விடிவில்லை. வருகிறவன் போகிறவன் எல்லாம் "பானை கழுவின தண்ணி ஒரு போத்தில் தாங்கோ" என்றான்கள். சந்தையில் அவருடைய மனைவியைப் பார்த்தும் கேட்டான்களாம். அவர் ஒருவருக்கும் திருப்பிச் சொல்லவில்லை. ஊற்றிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். இப்படிப் பேசாமல் இருக்கிற மனுசர்களுக்கு நான் பயப்படுவேன். அத்தான் பயப்படவில்லை.

மாசிக் கடைசியில் ஒரு ஞாயிறு. அத்தானின் வயலுக்கு அறுவடை மெசின் வந்திருந்ததால் நான் தனியாகப் போனேன், அதே தவறணைக்கு. பக்கத்தில் இருப்பது அதுதான்; தாகத்துக்கு ரோசம் கிடையாது. ஒரு மூலையில் ஜக்கோடு இருந்தேன். வெள்ளைச் சேட்டுப் போட்ட இரண்டு பேர் வாடகை வான் ஒன்றிலிருந்து இறங்கி வந்தார்கள். ஒருவருக்குத் தடித்த மீசை. ஆளுக்கொரு போத்தல் கேட்டார்கள். முதல் போத்தல் முடிந்து இரண்டாவதும் பாதியான பிறகு மீசைக்காரர் முகாமையாளரைக் கூப்பிட்டு, வாய்க்கால் ரோட்டில் ஒரு வீட்டைச் சொல்லி, அந்த வீட்டுக்காரர் எப்படி என்று கேட்டார். அத்தானின் வீடு. தரகர் சொன்னபடி பார்த்தால் வந்திருப்பது மாப்பிள்ளையின் தகப்பன், கூட வந்தது சித்தப்பன்.

முகாமையாளர் முதலில் என்னைப் பார்த்தார். நான் இருப்பதை உறுதிப்படுத்திக்கொண்டார். பிறகு தோளில் கிடந்த துவாயால் மேசையைத் துடைத்துத் துடைத்துச் சொன்னார்.

"தங்கமான மனுசன். பொய் களவு ஒண்டுமில்லை. கள்ளைப் பற்றி அவரிட்டைத்தான் கேக்கோணும். பரந்தனிலையிருந்து முல்லைத்தீவு மட்டும் அவர் கால் வைக்காத தவறணை இல்லை. எந்த ஞாயிறும் தவறாது. ஒரு மிடறு வாயிலை வைச்சாப் போதும், எப்ப இறக்கினது எண்டு சொல்லுவார். அப்பிடி ஒரு பழக்கம்."

ஒரு பொய் இல்லை. ஒரு சொல்லைக்கூட நான் மறுக்க முடியாது. அத்தானை இதற்கு மேல் ஒருவரும் புகழ்ந்ததில்லை. மீசைக்காரர் தம்பியைப் பார்த்தார். தம்பி கோப்பையைக் கீழே வைத்தார்.

நான் எழும்பிப் போனேன். "ஐயா, அவர் குடிகாரன் இல்லை. அரைக் கோப்பைக்கு மேலை குடிக்கமாட்டார். ருசி பாக்கிறது மட்டும்தான்," என்றேன்.

"நீங்கள் ஆர் தம்பி?"

"அவற்ரை மச்சான். நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டாத்தான் போறனாங்கள்."

என் கையில் ஜக் இருந்தது. அதை வைத்துவிட்டு வரவேண்டும் என்ற புத்திகூட எனக்கு இல்லை. மீசைக்காரர் என்னைப் பார்த்தார், ஜக்கைப் பார்த்தார், ஆறுதலாக மீசையில் ஒட்டியிருந்த நுரையைத் துடைத்தார்.

"குறை நினைக்காதேங்கோ தம்பி. நாங்கள் குடிகாரக் குடும்பத்திலை பொம்பிளை எடுக்கிறேல்லை."

சொல்லிவிட்டு மிச்சத்தையும் குடித்து முடித்தார். வாகனத்தில் ஏறுவதற்கு முன் வழிக்கென்று இன்னொரு போத்தலும் நிரப்பச் சொன்னார். முகாமையாளர் நல்ல கள்ளாகப் பார்த்து நிரப்பிக் கொடுத்தார். அந்த மீசையைப் பிடித்து இழுத்து அவனைச் சேற்றில் புரட்டவேண்டும் போல எனக்கு இருந்தது. ஜக்கை மேசையில் வைத்ததோடு சரி. அவர்கள் போன பிறகு முகாமையாளரிடம் போய், "அந்தப் பிள்ளை உங்களுக்கு என்ன செய்தவள்?" என்று கேட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை," என்றார். "என்ரை மனுசி அவருக்கு என்ன செய்தவ?"

அன்று பின்னேரமே தரகர் போன் எடுத்துவிட்டார். சாதகத்தை இன்னொரு சாத்திரியிடம் காட்டினார்களாம், ஏதோ சரியில்லையாம். நான் உண்மையை அக்காவிடம் சொன்னேன். அக்கா அத்தானிடம் சொன்னாள். சொன்னாள் என்பதைவிடக் கொட்டினாள் என்பதுதான் சரி. "உம்மடை நாக்கை அறுத்துப் போட்டாத்தான் என்ரை பிள்ளைக்கு விடிவு," என்று பக்கத்து வளவுக்கும் கேட்கக் கத்தினாள். அத்தான் அறுத்த நெல்லைக்கூடக் காயவைக்காமல் குந்தியிருந்தார். மாப்பிள்ளைப் பொடியன் மருமகளுக்கு ஒரே ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தான். அப்பா சொன்னால் சொன்னதுதானாம், மன்னிக்கட்டாம். பெண்ணின் தகப்பன் குடிகாரன் என்று விலகியவனுக்குத் தன் குடிகாரத் தகப்பனின் சொல்லைத் தட்ட முடியவில்லை. அதை அவள் எங்களுக்கும் போட்டுக் காட்டினாள். முகத்தில் ஒன்றுமில்லை.

அத்தான் கள்ளை விட்டார். பங்குனி முழுக்க ஞாயிறுகளில் என் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் கிணற்றடிப் பக்கம் போய்விடுவார். அரைக் கோப்பைதானே என்று நான் ஒருநாள் கூப்பிட்டுப் பார்த்தேன். "பிள்ளைக்கு ஒண்டு சரிவரட்டும்," என்றார். அவர் சொன்னது குசினிக்குள் சமைத்துக்கொண்டு நின்ற மருமகளுக்கும் கேட்டது.

அடுத்த ஞாயிறு பத்துப் பதினொரு மணியிருக்கும். நான் அத்தான் வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகள் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். பையிலிருந்து பெரிய சோடாப் போத்தல் ஒன்றை எடுத்து அத்தான் இருந்த கதிரைக்கு முன்னால் வைத்தாள். வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது. தவறணைக்குத் தானே போய் வாங்கியிருக்கிறாள். எங்கள் பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை தவறணை வாசலில் இறங்கினால் அன்று மத்தியானத்துக்குள் மாங்குளம் வரைக்கும் செய்தி போய்விடும். அது அவளுக்குத் தெரியாததல்ல. உள்ளே இருந்த ஆம்பிளைகள் எல்லாரும் எழும்பி நின்றார்களாம். முகாமையாளர் தலை நிமிராமல் நிரப்பிக் கொடுத்தாராம்.

"என்ன பிள்ளை இது?" என்றார் அத்தான்.

"கள்ளு. குடியுங்கோ அப்பா."

"நான் விட்டிட்டன் பிள்ளை."

"ஆருக்காக விடுறியள்? தரகரிட்டை என்ரை சாதகத்தைத் திருப்பி வாங்கிப்போட்டன். இனி ஆரும் உங்களை விசாரிச்சு வரமாட்டினம். பயப்பிடாமல் குடியுங்கோ."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மருமகள் கோப்பையில் ஊற்றி நீட்டினாள். அத்தான் என்னைப் பார்த்தார். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாங்கிக் குடித்தார். வாயில் வைத்து உருட்டவில்லை. மருந்து விழுங்குவதுபோல விழுங்கினார். அவள் மறுபடியும் ஊற்றினாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்குத் துணிவு வரவில்லை. போத்தல் முடியும்வரை அவள் ஊற்றினாள், அவர் குடித்தார். கண்ணீர் தாடைக்கு வந்து கோப்பைக்குள் விழுந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடைசிக் கோப்பையை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு எழும்பினாள்.

"அடுத்த ஞாயிறும் வாங்கியாறன், அப்பா," என்றாள்.