தபால்தலையில் பேச்சியம்மாளின் கை

பேச்சியம்மாளின் கையிலிருந்த தீத்தழும்பை அழித்தவன் நான்தான். யாரும் சொல்லவில்லை. நானாகவே அழித்தேன்.

அந்தத் தபால்தலையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பட்டாசு விபத்தில் காயம்பட்டவர்களின் சிகிச்சைக்கு நிதி திரட்ட வந்தது... நீட்டிய பெண்கை ஒன்று, இளமஞ்சள் பின்னணி. வரைந்தவன் சிவகாசிக் காலண்டர் ஆர்ட்டிஸ்ட்டான நான். என்ன அழகு! தன் படத்தைத் தானே மெச்சுகிறான் என்று சிரிக்காதீர்கள். தீப்பெட்டி லேபிளில் பாதிகூட இல்லாத இடத்தில் ஐந்து விரலையும் உயிரோடு நிறுத்துவதற்குத் திறமை வேண்டும். எனக்கு அது உண்டு.

கைக்குச் சொந்தக்காரி பக்கத்து ஊரான எம். புதுப்பட்டியின் பேச்சியம்மாள். பட்டாசுக் கம்பெனியில் பற்றிய தீயில் கை வெந்து, இரண்டு விரல்கள் ஒட்டிப்போனவள். எப்போதும் அதை முந்தானைக்குள் வைத்திருப்பாள். இந்தப் படத்துக்காகத்தான் என் மேஜைமேல் எடுத்து வைத்தாள்.

"இருக்குறபடியே போடுங்கண்ணே. பாக்குறவுகளுக்குத் தெரியட்டும்."

சரியென்றேன். தாளில் அப்படியே வரைந்தும் முடித்தேன்.

பிறகு அதைக் கணினியில் ஏற்றினேன்... அங்கேதான் என் தொழில் குறுக்கே வந்தது. காலண்டரில் கடவுளுக்கே கன்னத்தைச் சிவப்பாக்குகிறவன் நான். முதலாளிமாரின் முகத்தில் மரு இருந்தால் எடுத்துவிட்டுத்தான் அச்சுக்கு அனுப்புவேன். எங்கள் ஊரில் அதற்கு டச்சப் என்று பெயர். சுருக்கங்களை நீவினேன். ஒட்டிய விரல்களைப் பிரித்தேன். ஏன் செய்தேன்? படம் தேறாதோ என்ற பயமா? வெறும் கைப்பழக்கமா? இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

திருத்திய அந்தப் படம்தான் தபால்தலைக்குத் தேர்வானது. தபால்தலை நன்றாக விற்றது. மேடையில் பொன்னாடை போர்த்தினார்கள். வந்த நிதியில் பலருக்குச் சிகிச்சை நடக்கிறது. இதையெல்லாம் பெருமையாகத்தான் சொல்கிறேன், உங்களிடம் எதற்கு நடிப்பு?

தபால்தலையை அவளிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கண்ணருகே பிடித்துப் பார்த்தாள்.

"நல்லாருக்குண்ணே. யாரு கை இது?"

உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. "உன் கைய எடுத்துக்கலம்மா. இது வேற" என்றேன்.

"அப்பவே நெனச்சேன். இதப் போயி யாரு பாக்கப் போறாக" என்றாள். கோபமே இல்லை அவளிடம்.

பொய் சொன்னேன்... அவளும் நம்பிவிட்டாள்.

தாளில் வரைந்த அந்த முதல் படம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஒரு தழும்பு விடாமல், ஒட்டிய விரல்களோடு. என் கை வரைந்தவற்றிலேயே சிறந்தது அதுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அதற்கு ஈடான படம் இந்த ஊரில் யாரும் போட்டதில்லை.

அதை இன்னும் பேச்சியம்மாளிடம் காட்டவில்லை.