ஆடு துலுக்கினால்தான் மொரீஷியஸ்

போன வருடம் ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. வடக்கனந்தல் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் குலதெய்வக் கோயில். என் மீதி வாழ்க்கை எந்த ஊரில் என்பது தெரிவதற்காக ஒரு ஆட்டின் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன். கேட்பவர்கள் சிரிப்பார்கள். இப்போது நானும் சிரிக்கிறேன், அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். கல்வராயன் மலை ஊர்களில் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடும் பள்ளமுமாக நடந்தே என் முழங்கால் இரண்டும் தேய்ந்து போயின. என் கணவர் சர்க்கரை ஆலையில் கரும்புப் பிரிவில் இருந்தார். எங்களுக்கு ஒரே மகள். கல்யாணமாகி, அவளும் மருமகனும் மொரீஷியஸ் தீவில் வேலை பார்க்கிறார்கள்.

முதல் தடவை அங்கே போனபோது மகள் என்னைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். கண்ணாடி போல அடிமணல் தெரிந்தது, மேலே நல்ல வெயில். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, முழங்கால் வலிக்கவே இல்லை. இனி இருக்கிற காலத்தை இங்கேதான் கழிப்பது என்று அந்தத் தண்ணீரிலேயே முடிவு செய்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. நான் ஒரு முடிவு எடுத்தால் எடுத்ததுதான், மலையிலே வேலை பார்த்தவளுக்கு அது கூட இல்லாவிட்டால் எப்படி?

கணவருக்கும் அந்த ஊர் பிடித்துவிட்டது. காரணம் வேறு. அங்கே ரோட்டின் இரண்டு பக்கமும் கரும்புக் காடு. ஆளைக் கடலுக்குக் கூப்பிட்டால் வரமாட்டார், யாரோ ஒருவருடைய கரும்புக் கொல்லையில் இறங்கி, தோகையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டு நிற்பார். மகள் எங்களுக்காக வீட்டுக்குப் பின்னால் ஒரு தனி அறை கட்டினாள். தங்குவதற்கான அனுமதியும் வந்துவிட்டது. எல்லாம் கூடி வந்தபோது மனிதர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கொலதெய்வத்துக்கிட்ட உத்தரவு கேக்காம நான் ஊர வுட்டு நவுர மாட்டேன். ஆடு துலுக்கினாத்தான் மொரீஷியஸ்" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெரிய காரியம் எதற்கும் முன்னால் அம்மன் சன்னதியில் ஆட்டை நிறுத்தி, மாலை போட்டு, தலையில் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலிர்த்து உதறினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். அதைத்தான் துலுக்குவது என்போம். துலுக்காவிட்டால் காரியம் அத்தோடு சரி. பெண் கொடுப்பதைக்கூட அப்படி நிறுத்தியிருக்கிறார்கள்.

எனக்கு ஆட்டைப் பற்றிப் பயமில்லை. தண்ணீர் பட்டால் ஆடு உதறத்தான் செய்யும். என் பயமெல்லாம் என் நாத்தனாரைப் பற்றித்தான்.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. கூடப் பிறந்தவர்கள் அவர்கள் இருவர்தான். எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, கணவரை இழந்து, மகன்களோடு இருக்கிறார். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. இன்னும் பட்டி நிறைய ஆடு வைத்து மேய்க்கிறார். வாய் என்றால் அப்படி ஒரு வாய். மொரீஷியஸ் சமாச்சாரம் காதில் விழுந்த நாள் முதல் என்னைக் கண்டால் ஒரே குத்தல்தான்.

"ஏன் நர்ஸம்மா, வெய்யிலு காயறதுக்கு வெளிநாடு போறியாமே? கள்ளக்குறிச்சில அடிக்கிற வெய்யிலு உனக்குக் கம்மியா இருக்குதா?" என்பார். நான் விடுவேனா? "இங்க வெய்யிலு மட்டுந்தான அண்ணி இருக்குது, கடலு இல்லியே" என்பேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

இந்த மாதிரிப் பேச்செல்லாம் ஒருபக்கம் இருக்க, கோயிலுக்கு ஆடு நான்தான் கொடுப்பேன் என்று அவரே சொல்லிவிட்டார். அன்று காலையில் மினி லாரியில் தன் பட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கிடாவை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று எனக்குச் சந்தேகம். இதைக் கணவரிடம் சொன்னால் வீண் சண்டை என்று விட்டுவிட்டேன்.

பங்காளிகள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பொங்கல் வைத்தாயிற்று, தீபாராதனை ஆயிற்று. பூசாரி கிடாவை நடுவில் நிறுத்தி, சாமந்தி மாலை போட்டு, வேப்பிலையால் தண்ணீர் தெளித்தார். ஆடு நின்றது. மறுபடி தெளித்தார். ஆடு தலையைத் திருப்பி, கழுத்து மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்து மென்றது. சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள், பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. சொம்போடு முதுகில் ஊற்றினார். அப்போதும் அது பாட்டுக்குப் பூ தின்றுகொண்டிருந்தது.

உச்சி வெயில் மண்டையைப் பிளந்தது. கணவர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை. பூசாரி சொம்பைக் கீழே வைத்தார்.

"யாருக்கோ மனசுல கொற இருக்குது. இன்னா கொறயா இருந்தாலும் வாய்வுட்டுச் சொல்லிடுங்க. உள்ள வெச்சிக்கினு நின்னா ஆத்தா எப்பிடி உத்தரவு குடுப்பா?"

அதுவும் எங்கள் வழக்கம்தான். ஆடு துலுக்காவிட்டால் வகையறாவில் யாருக்கோ வருத்தம் என்று கொள்வோம், வருத்தப்பட்டவர் எல்லார் முன்னாலும் சொல்லியாக வேண்டும். பிறகு கேட்க வேண்டுமா? ஒரு பங்காளி, எங்கள் மகள் கல்யாணத்தில் முதல் பந்தியில் தன்னை உட்கார வைக்கவில்லை என்றார். இன்னொருவர், மேடையில் போட்டோ எடுக்கத் தன்னைக் கூப்பிடவில்லை என்றார். சின்ன மாமியார் முறை ஆகும் ஒருவர், ஊசி போட வந்தபோது நான் கை வலிக்கக் குத்திவிட்டேன் என்று என்றைக்கோ நடந்ததை எடுத்தார். கணவர் ஒவ்வொருவரிடமும் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். நானும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் தண்ணீர் தெளித்தார்கள். ஆடு கல்லாட்டம் நின்றது.

புளியமரத்து நிழலில் உட்கார்ந்திருந்த நாத்தனார் அப்போது எழுந்தார். கட்டிக்கொடுத்த பெண் வேறு வீட்டு ஆள் என்பதால் அவரை யாரும் கேட்கவில்லை.

"நான் இந்த வூட்டுல பொறந்தவதான? நான் பேசலாமா?" என்று பூசாரியைக் கேட்டார். அவர் பேசச் சொன்னார்.

"கொற எனக்குத்தான் இருக்குது. வேற யாருக்கும் இல்ல" என்று ஆரம்பித்தார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை. "எங்க மாமியா செத்தப்ப பொறந்த வூட்டுக் கோடி வராம எடுக்கக் கூடாதுன்னு போட்டு வெச்சிருந்தாங்க. அவங்க அண்ணன் திருக்கோவிலூர்லேந்து வரணும். பஸ்ஸு கெடைக்காம வந்து சேர பொழுது சாஞ்சிடிச்சி. அதுக்கே ஊரே பேசிச்சி. எனக்கு இவன் ஒருத்தன்தான் பொறந்த வூடு. இவன் கடலத் தாண்டிப் போய்ட்டா, நாளைக்கி எனக்கு யாரு கோடி போடுவா? இவன் பிளேன் புடிச்சி வர்ற வரைக்கும் என்ன ஐஸ் பொட்டியில வெப்பீங்களா?"

ஒரு பெண் செத்தால் அவள் பிறந்த வீட்டிலிருந்து வரும் புதுச்சேலைதான் கோடி. அதை அண்ணனோ தம்பியோ கொண்டுவந்து போர்த்த வேண்டும். அது வராத சாவு நாதியற்ற சாவு என்பார்கள். பங்காளி ஒருவர், நாங்கள் போடுகிறோம் அக்கா என்றார். "கூடப் பொறந்தவன் போடறதும் நீ போடறதும் ஒண்ணாடா?" என்று நாத்தனார் கேட்டதும் அவர் பின்னால் நகர்ந்துவிட்டார்.

என் கணவர் அழுதுவிட்டார். வேலையில் எத்தனையோ பேச்சு வாங்கியும் கலங்காத ஆள், சின்னப் பிள்ளை மாதிரி தேம்பினார். அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் போவல அக்கா. எங்கியும் போவல" என்றார்.

எனக்குத் துக்கமும் வந்தது, கோபமும் வந்தது. இந்த அம்மாள் கணக்காகத்தான் அடித்துவிட்டாள் என்று நினைத்தேன். அதே சமயம் அவர் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூடத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அத்தனை நாள் கேலிக்கும் குத்தலுக்கும் பின்னால் இந்தப் பயம்தான் இருந்திருக்கிறது. நோயாளி வலியைச் சொல்லாமல் எரிந்து விழுவதை எத்தனை வீட்டில் பார்த்திருப்பேன், சொந்த வீட்டில் தெரியாமல் போயிற்று. என் கடல், என் வெயில், மகள் கட்டிய அறை எல்லாம் அந்த இடத்திலேயே முடிந்தது என்று தெரிந்துவிட்டது. ஆட்டை அவிழ்த்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்.

"யாருடா போவ வேணாம்னு சொன்னது?" என்றார் நாத்தனார்.

எல்லாரும் திரும்பிப் பார்த்தோம்.

"கொறயச் சொல்லச் சொன்னாரு, சொன்னேன். போவாதன்னா சொன்னேன்? டேய், செத்தப்புறம் நீ போத்தற சீலைய நான் கண்ணால பாக்கவா போறேன்? அத இப்பவே எடுத்துக் குடு. கட்டிக்கினு நானே பாத்துக்கறேன். அப்புறம் நீ வந்தா வா, வராட்டி போ. பொறந்த வூட்டுக் கோடி வாங்கிட்டேன்னு ஊருக்கு நானே சொல்லிட்டுப் போறேன்."

உயிரோடு இருப்பவருக்குக் கோடியா என்று பெண்கள் முணுமுணுத்தார்கள். அபசகுனம் என்றாள் ஒருத்தி. "தம்பி எடுத்துக் குடுக்கிற சீலைக்கு இன்னாடி அபசகுனம்?" என்று கேட்டுவிட்டு, நாத்தனார் பூசாரியின் கையிலிருந்த சொம்பை வாங்கினார். நேராக ஆட்டிடம் போனார்.

நான் ஆட்டுக்கு இந்தப் பக்கம், கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். அவர் கிடாவின் நெற்றியைத் தடவினார். அது அவர் வளர்த்த ஆடு, அவர் கைக்கு வாகாகத் தலையைக் கொடுத்தது. இடது கையால் அதன் தொங்கும் காதைத் தூக்கினார். வலது கையால் சொம்பைச் சாய்த்தார். தலையில் ஊற்றுவது போலத்தான் இருந்தது. ஆனால் தண்ணீர் நூல் பிடித்த மாதிரி நேராகக் காதுக்குள் இறங்கியதை நான் பார்த்தேன்.

ஆடு துலுக்கியது பாருங்கள், அப்படி ஒரு துலுக்கல். பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் மஞ்சள் தண்ணீரில் நனைந்தோம். மணி அடித்தார்கள். ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று கூட்டமே கன்னத்தில் போட்டுக்கொண்டது. கணவர் சாஷ்டாங்கமாகக் கீழே விழுந்தார். நாத்தனார் சொம்பைப் பூசாரியிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பழையபடி நிழலில் போய் உட்கார்ந்தார்.

மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது வேண்டுமென்றே அவர் பக்கத்து இலையில் உட்கார்ந்தேன். "அண்ணி, நான் பாத்தேன்" என்று மெதுவாகச் சொன்னேன்.

அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பாத்தல்ல? வாய மூடிக்கினு சோத்தத் துன்னு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "மல மேல ஏறி எறங்கி உன் காலு போனது எனக்குத் தெரியாதா? என் பெரிய மருமவளுக்குப் பிரசவ வலி எடுத்தப்ப நீதான பஸ்ஸு நின்னுபோன எடத்துலேந்து மழையில நடந்து வந்த. போ. போயி கடல்லயே நில்லு" என்றார்.

திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் நாத்தனார் வண்டியை நிறுத்தச் சொன்னார். கடைக்காரர் அடுக்கி வைத்ததையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லி, இது சாயம் போகும், அது கரை சரியில்லை என்று ஆளை அலைக்கழித்து, கடைசியில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு சேலையை எடுத்தார். கணவர் தன் கையால் அதை வாங்கி அக்காவின் தோளில் போர்த்தினார். கடைக்காரருக்கு விஷயம் தெரியாது. நல்லா எடுப்பா இருக்குதும்மா என்றார். "இருக்காதா பின்ன?" என்றார் நாத்தனார்.

நாங்கள் கிளம்பிய அன்று அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் வழியனுப்ப வந்தார். கண் கலங்கவில்லை. காருக்குள் தலையை நீட்டி, "நர்ஸம்மா, எந்தம்பி கரும்புக் கொல்லையில எறங்கினா பூச்சி பொட்டு பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார்.

இப்போது இதை மொரீஷியஸில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். நாத்தனார் நன்றாக இருக்கிறார். வாரம் தவறாமல் வீடியோவில் வந்து வாயடிக்கிறார், தோளில் பேரப்பிள்ளை, பின்னால் ஆட்டுச் சத்தம். பொங்கலுக்கு ஒரு தடவை ஊருக்குப் போய் வந்தோம். அடுத்த பொங்கலுக்கும் போவோம். அக்காவுக்குச் சேலை எடுக்க வேண்டும் என்று கணவர் இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார்.

ஆட்டின் காதுக்குள் தண்ணீர் போன விஷயம் கணவருக்கு இன்றுவரை தெரியாது. இதைப் படிக்கும்போதுதான் தெரியப்போகிறது. தெரிந்தாலும் உத்தரவு கொடுத்தது ஆத்தாதான் என்றுதான் சொல்வார், நான் மறுக்க மாட்டேன். சும்மா உட்கார்ந்திருந்தாலே ஜெயித்திருக்கக்கூடிய ஒருத்தி, எழுந்து வந்து தன் கையாலேயே எங்களை அனுப்பி வைத்தாள். கடலில் நிற்கும் ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் கையை நினைத்துக்கொள்கிறேன்.