மைசூரை விட்டுத் தேடியவள்

கதவு தட்டும் சத்தம் கேட்டால் போதும், "மதனா பாரு" என்பாள் வடிவு. பால்காரனாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கும் வேலை மகள் உமாதேவிக்கு.

அண்ணன் மதன் மோட்டார் மெக்கானிக் ஆகிறேன் என்றான். மகனும் ரயில்வேக்கே வர வேண்டும் என்றிருந்த ரயில்வே ஃபிட்டர் அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே!" என்று கத்தினார். ரோஷக்காரப் பயல், போயே போய்விட்டான். சில வருஷம் கழித்து அப்பா கண்ணை மூடினார்.

உமாதேவிக்கு மைசூரிலேயே, ஹெப்பாளில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. கர்நாடகம் முழுக்க டெலிபோன் வைத்திருப்பவர்களின் பெயரும் விலாசமும் நம்பரும் ஒரே பிரம்மாண்ட ஃபைலாக அங்கே வந்து இறங்கியபோது, அண்ணனும் இதில் இருப்பானோ என்று தோன்றியது அவளுக்கு. சாப்பாட்டு நேரத்தில் தேடிக்கொள்ள மானேஜரும் சம்மதித்தார்.

எதைக் கொடுத்துத் தேடுவது? மதன் என்ற பெயருக்கு முன்னால் ஏதாவது இருக்கலாம், பின்னால் ஏதாவது வரலாம், பெயரையே மாற்றியிருக்கலாம். இப்படி எல்லா 'லாம்'களையும் சேர்த்து முழ நீளத்துக்கு எழுதிக் கொடுத்தாள். மிஷின் எழுத்துக்கு எழுத்து நின்று, முன்னே போய், திரும்பி வந்து, முக்கி முனகியது. பாதியிலேயே சாப்பாட்டு நேரம் முடிந்துவிடும். நேரத்தை மிச்சம் பிடிக்க மைசூரையே ஒதுக்கினாள். இந்த ஊரில் இருந்தால் அம்மாவைப் பார்க்க வராமலா இருப்பான்? கிடைத்த மதன்களுக்கெல்லாம் போன் செய்து, ஹூப்ளி மதன் ஒருவரிடம் கன்னடத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

பக்கத்து சீட் சேகரனுக்குப் பொறுக்கவில்லை. "ஏங்க உமா, இப்படியும் இருக்கலாம், அப்படியும் இருக்கலாம்னா மிஷின் பாவம் என்ன பண்ணும்? மாறாத வார்த்தை ஒண்ணு குடுங்க, அபூர்வமானதா. அது இல்லாத இடத்தையெல்லாம் தாவித் தாவிப் போயிடும். எந்த ஊரையும் விட வேண்டாம்."

அவளுக்கோ பயம். நிச்சயமாகக் கேட்டு, நிச்சயமாக இல்லை என்று வந்துவிட்டால்? மிஷின் ஓடிக்கொண்டிருக்கும் வரை அண்ணன் எங்கேயோ இருந்தான். அந்த ஏக்கத்தை விடவும் மனசில்லை அவளுக்கு.

ஆனாலும் யோசித்தாள், அவனிடம் மாறாதது என்ன? வாடகை சைக்கிள் எடுத்தாலும், மட்கார்டில் சாக்பீஸால் அம்மா பெயரை எழுதிவிட்டுத்தான் ஏறுவான். கன்னட தேசத்தில் அந்தப் பெயரை வேறு யார் வைக்கப் போகிறார்கள்! 'வடிவு' என்று மட்டும் அடித்தாள்.

விரலை எடுப்பதற்குள் முடிந்துவிட்டது. ஒரே ஒரு வரி. வடிவு ஆட்டோ கேரேஜ், மண்டி மொஹல்லா, மைசூர்.

"அடப்பாவி, இங்கேயேவா இருந்தே!" வாய்விட்டே சொல்லிவிட்டாள். கோபத்தோடு எண்களைச் சுழற்றினாள்.

"ஹலோ, யாரு பேகு?" யார் வேண்டும் என்று கன்னடத்தில் கேட்டது அண்ணனின் அதே தொண்டை. அவள் கோபமெல்லாம் எங்கே போனதோ.

"அண்ணா... உமா பேசறேன்."

சுத்தியல் அடித்துக்கொண்டிருந்த பையனை நிறுத்தச் சொன்னான். அப்புறம், "அப்பா போனது தெரியும். அம்மா இருக்காங்களா உமா? இல்லேன்னு யாராவது சொல்லிடுவாங்களோன்னு பயந்தே நான் அந்தப் பக்கம் வரலை."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இருக்காங்க. சாயங்காலம் நீயே வந்து கதவைத் தட்டு."