சித்தி போட்ட ஊறுகாய்ப் புல்

மாட்டுக்கும் ஊறுகாய் போடலாம் என்று சித்தி சொன்னபோது முதலில் சிரித்தவர் பெரியப்பா. மன்னார்குடிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். சித்தப்பா சிங்கப்பூரில் இருந்தார். இரண்டு கறவை மாடுகளும் சித்தியின் பொறுப்பு. ஐப்பசி மழையில் வைக்கோல் போர் நனைந்து மக்கும், வயலில் தண்ணீர் நிற்கும், பச்சைப் புல்லுக்கு வழியிருக்காது, பால் பாதியாகிவிடும்.

அந்த வருடம் மழைக்கு முன்பே சித்தி மேட்டுக்கொல்லையில் விளைந்த மக்காச்சோளத்தைக் கதிர் பால் பிடித்த பருவத்தில் அறுத்தாள். தட்டையோடு சேர்த்துப் பொடியாக நறுக்கி, மூன்று நீலப் பீப்பாய்களில் போட்டு, வெல்லத் தண்ணீர் தெளித்தாள். காற்று தங்காதபடி உள்ளே இறங்கி மிதிக்கும் வேலை எனக்கு. நான்காம் வகுப்புப் பெண்ணுக்கு வேறென்ன வேண்டும்?

"மூடினப்புறம் நாப்பத்தஞ்சு நாளைக்கு யாரும் தொடக் கூடாது. உள்ள காத்து போச்சுன்னா பூசணம் பூத்துடும், சத்தெல்லாம் போயிடும்" என்றாள் சித்தி.

ஊரெல்லாம் இருக்கிற காற்று ஒரு பீப்பாய்க்குள் போனால் என்ன என்று எனக்குத் தோன்றியது. வெல்ல வாசனை வேறு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஓரத்துப் பீப்பாயைத் திறந்து மோந்து பார்ப்பேன். மூடியைத் திரும்ப இறுக்க என் கைக்கு வலு போதவில்லை.

மழை பிடித்துக்கொண்டது. நாள் வந்ததும் சித்தி முதலில் திறந்தது அந்த ஓரத்துப் பீப்பாயைத்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாகப் பூசணம். நாற்றம் தாங்கவில்லை.

"இதத் தின்னா மாடு பொழைக்குமா? மூணையும் எருக்குழியில கொட்டும்மா" என்றார் பெரியப்பா. அவர் கத்தவில்லை, அதுதான் பயமாக இருந்தது. சித்தி அடுத்த பீப்பாயை எருக்குழிப் பக்கம் உருட்டக் குனிந்தாள்.

"அத நான்தான் தெறந்தேன் பெரியப்பா. தெனமும் தெறந்தேன். மத்த ரெண்டையும் தொடவே இல்ல."

யாரும் என்னை அடிக்கவில்லை. சித்தி இரண்டாவது மூடியைத் திறந்தாள். மஞ்சள் கலந்த பச்சை. பழம் புளித்தது போல் ஒரு மணம். ஒரு கூடை அள்ளி வைத்ததும் செவலைப் பசு மோந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. நாங்கள் அசையாமல் நின்றோம். பிறகு ஒரு வாய் எடுத்தது. அப்புறம் கூடைக்குள்ளிருந்து தலையை எடுக்கவே இல்லை.

அந்த வாரத்து அடைமழையில் எங்கள் வீட்டில் பால் குறையவில்லை.

"ஊரெல்லாம் பால் கொறஞ்சு கெடக்கு, ஒங்க வீட்டுல மட்டும் எப்படிங்க?" என்று பால் எடுக்க வந்தவர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பொண்ணு பண்ணின வேலைங்க" என்றார் பெரியப்பா.

பீப்பாயைத் திறந்த குட்டு வெளியாருக்கும் தெரிந்துவிட்டது என்று நான் ஓடிப்போய் நெல் மூட்டைகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி பால் செம்போடு நின்ற இடத்திலேயே நின்றாள். அதுவரை பெரியப்பா அவளைத் 'தம்பி சம்சாரம்' என்றுதான் சொல்லியிருந்தார். அவர் சொன்ன பெண் நானில்லை என்பது எனக்குப் புரியப் பல வருடங்கள் ஆயின.