கண்ணை மூடிக்கொண்டு போட்ட சண்டை

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குக் குடும்ப வாழ்க்கை பற்றி வகுப்பெடுப்பது நான்தான். கோபம் வந்தால் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் நேருக்கு நேர் பேசித் தீர்க்க வேண்டும் என்று அன்றைக்கு முழங்கினேன். "உங்க வீட்ல எப்படி?" என்று வேறு கேட்டு வைத்தேன். என் மகளே எழுந்தாள்.

"சண்டைன்னா அம்மா அப்பாகிட்ட பேச மாட்டாங்க. சாயங்காலம் குடும்ப ஜெபத்துல ஏசப்பாகிட்ட சொல்லுவாங்க. 'ஆண்டவரே, அக்கா தங்கச்சி பேச்சக் கேட்டு ஆடுற மனுசருக்கு நல்ல புத்தியத் தாரும்'பாங்க. அப்பா பக்கத்துலதான் முட்டி போட்டிருப்பாரு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. பொய் என்று அதட்டவும் வழியில்லை. அப்படியே என் குரலில் சொல்லியிருந்தாள். எங்கள் ஊர் சின்னாளப்பட்டி வரும்வரை பஸ்ஸில் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

அன்று மாலை மூவரும் ஜெபத்துக்கு முட்டி போட்டோம். "ஆண்டவரே, நாலு பேர் முன்னால தாயோட மானத்த வாங்குற பிள்ளைக்கு..." என்று ஆரம்பித்துவிட்டேன். சட்டென்று நாக்கு நின்றது. கண்ணைத் திறந்தேன். கணவரும் மகளும் ஒரே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, மிச்சத்தையும் வாங்கிக்கொள்ளக் காத்திருந்தார்கள்.