சுவரில் ஒட்டப்பட்ட லைட்மேன்

அவருக்கு ஏணி என்று முதலில் பெயர் வைத்தது யாரென்று அவருக்கே நினைவில்லை. ஆறடி இரண்டு அங்குலம். மற்ற லைட்மேன்கள் முக்காலி தேடும் இடத்தில் இவர் கையை நீட்டினால் போதும். இருபத்திரண்டு ஆண்டுகள் படப்பிடிப்புத் தளங்களில் விளக்குத் தூக்கியவர். மூக்கின் நிழல் உதட்டில் விழாமலிருக்க விளக்கை எவ்வளவு சாய்க்க வேண்டும் என்பது கேமராமேன் வாய் திறப்பதற்கு முன்பே அவருக்குத் தெரியும். எத்தனையோ பேர் முகத்தை அழகாக்கிக் காட்டிய அந்த மனிதரின் முகம் ஒரே ஒரு முறைதான் சினிமாவுக்குத் தேவைப்பட்டது. அதையும் அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அது ஒரு சிரிப்புச் சண்டைப்படம். அப்பாவி ஒருவனைக் கடத்தல்காரன் என்று நினைத்து ஒரு போலீஸ்காரர் துரத்துவார். பாதி வழியில் உண்மை தெரிந்து இருவரும் நண்பர்களாகி, மீதிப் படம் முழுக்கச் சேர்ந்தே ஓடுவார்கள். அதில் ஒரு துரத்தல் காட்சிக்கு, தெருச் சுவரில் 'தேடப்படும் குற்றவாளி' என்று வரிசையாக அறிவிப்புகள் வேண்டியிருந்தன. கடத்தல்காரனின் கூட்டாளி என்று யாராவது ஒருவன் முகம். அதற்காக ஒரு நடிகரைக் கூப்பிடுவானேன் என்று கலைப் பிரிவு உதவியாளர் நினைத்தார். அலுவலகக் கோப்பில் தொழிலாளர்களின் சங்க அட்டை நகல்கள் இருந்தன. புரட்டினார். ஏணியின் முகம் பிடித்துப்போனது.

சுவரோடு நிற்கவைத்து, நேராக ஃபிளாஷ் அடித்து எடுத்த படம் அது. அப்படி எடுத்தால் பால்குடிக் குழந்தையும் கொலைகாரன் போலத்தான் இருக்கும். படத்துக்குக் கீழே 'ஆயுதம் வைத்திருப்பான், எச்சரிக்கை' என்று ஒரு வரி. அதற்கும் கீழே யாருக்கும் சொந்தமில்லாத ஒரு தொலைபேசி எண். இது சினிமாவுக்காக ஒட்டப்பட்டது என்று எங்கும் ஒரு சொல் இல்லை. அசலைப் போலவே இருக்கிறது என்று இயக்குநர் உதவியாளரின் தோளில் தட்டிக்கொடுத்தார்.

சினிமாக்காரர்களிடம் 'கன்டினியுட்டி' என்று ஒரு சட்டம் உண்டு. ஒரு காட்சியில் இன்னும் இரண்டு ஷாட் பாக்கி என்றால் அந்த இடத்தில் கிடக்கும் துரும்பைக்கூட நகர்த்தக் கூடாது. கடைகள் அடைத்த பிறகு நள்ளிரவில்தான் படப்பிடிப்பு; அன்று கதாநாயகனுக்குக் கால் பிசகிவிட்டது. பாக்கியை மூன்று வாரம் கழித்து எடுக்கலாம் என்று முடிவாயிற்று. வண்டிகள் கிளம்பின. சுவரில் எதையும் கிழிக்காதீர்கள் என்று மட்டும் மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். தெருவில் குடியிருப்பவர்களும் மனிதர்கள், அவர்களுக்கும் படிக்கத் தெரியும் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை. ஏணி அன்று வேறொரு தளத்தில், இன்னொரு குழுவோடு இருந்தார்.

பன்னிரண்டாவது நாள் காலை, உடைந்த விளக்குத் தாங்கி ஒன்றைப் பற்றவைப்பதற்காக அவர் அந்தத் தெருவுக்குப் போனார். அங்கே இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் செய்யும் ஒரு பட்டறை. அதன் சொந்தக்காரரான வெல்டருக்கு முப்பத்தெட்டு வயது, தடித்த கழுத்து, சட்டையெல்லாம் தீப்பொறி விழுந்த ஓட்டைகள். பட்டறைக்கு எதிர்ச் சுவரில்தான் அறிவிப்பு. பன்னிரண்டு நாளாக ஒவ்வொரு முறை நிமிரும்போதும் வெல்டர் அந்த முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இத ஒட்டித் தரணும், அவசரம்" என்றார் ஏணி.

வெல்டர் தாங்கியைப் பார்க்கவில்லை. "உள்ள உக்காருங்க, கம்பி எடுத்துட்டு வரேன்" என்று சொல்லி வெளியே வந்தார். சுவரிலிருந்து ஒரு தாளை உரித்தார். அதிலிருந்த எண்ணைக் கூப்பிட்டார். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது குரல். இன்னொரு முறை கூப்பிட்டார். அதே குரல்.

இங்கேதான் மனித மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். அறிவிப்பு பொய் என்பதற்கு ஒரு சாட்சி அந்த எண். அது வாய்விட்டே சொல்லியும்விட்டது. வெல்டரோ அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்.

"போலீஸ் நம்பரே வேலை செய்யல. இவங்கள நம்பினா ஆள் கைக்கு வராது. நாமதான் புடிக்கணும்" என்றார் பக்கத்துக் கடைக்காரரிடம்.

ஐந்து நிமிடத்தில் இருபது பேர். வெல்டர் தாளை ஏணியின் கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக் கூட்டத்துக்குக் காட்டினார். ஏணி தாளிலிருந்த தன் முகத்தையும் கூட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"பாருங்க, முழிக்கிற முழியே சொல்லுதே" என்றார் ஒருவர்.

முகத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடலாம் என்பது நம்மிடம் உள்ள மூடநம்பிக்கைகளில் மிகப் பழையது. நாளையும் கோளையும் நம்பாதவர்கள்கூட இதை நம்புகிறார்கள். முதல் அடி வெல்டருடையது. கையில் எடுத்த கம்பி வலது தோளில் இறங்கியது. அடுத்து விழுந்தவற்றை ஏணி எண்ணவில்லை.

போலீஸ் வந்து ஏணியை அழைத்துப் போனது; சுவரிலிருந்த தாள்களை ஒருவரும் உரித்துப் பார்க்கவில்லை. அப்படி ஓர் அறிவிப்பை எந்த நிலையமும் வெளியிடவில்லை என்பது அன்று மாலையே தெரிந்துவிட்டது. அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. அச்சடித்தது யார் என்று தெரியாதவரை கோப்பை மூட முடியாது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றார் இன்ஸ்பெக்டர். ஏணியின் வாக்குமூலத்தைச் சந்தேகத்துக்குரியவர் என்ற தலைப்பில் எழுதினார்கள். அதனால் உன்னை அடித்தது யார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. அடித்தவர்களைப் பற்றிக் கோப்பில் ஒரே வரி: அடையாளம் தெரியாத கும்பல். ஒன்றும் செய்யாதவருக்கு முன்னும் பின்னும் பக்கவாட்டிலுமாக மூன்று புகைப்படம் எடுத்து வைத்தார்கள். கம்பி எடுத்தவர்களுக்கு முகமே இல்லாமல் போயிற்று.

தாளில் இருந்தது தன் சங்க அட்டைப் படம் என்று கண்டுகொண்ட ஏணி, அந்தத் தெருவில் படம் எடுத்த கம்பெனிக்குப் போனார். அந்த அறிவிப்பு அவர்களுடையதுதான் என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும். ஆனால் அனுமதி வாங்காமல் பொதுச் சுவரில் போலீஸ் பெயரால் தாள் ஒட்டுவது குற்றம் என்று கம்பெனி வக்கீல் அதற்குள் சொல்லியிருந்தார். அடி விழுந்த மறுநாளே ஆட்கள் வந்து சுவரைச் சுரண்டிவிட்டுப் போயிருந்தார்கள். பாக்கியிருந்த இரண்டு ஷாட்டும் வேண்டாமென்றாயிற்று. கன்டினியுட்டி என்ற சட்டம் எவ்வளவு சுலபமாக வளைகிறது.

"எங்க போஸ்டரா? எங்க இருக்கு, காட்டுங்க பாப்போம்" என்றார் மேனேஜர். "உங்க மேல எனக்கு மரியாதை இருக்கு ஏணி. மனசுல எதுவும் வெச்சுக்காதீங்க. ஆனா கேஸ் முடியற வரைக்கும் செட்டுப் பக்கம் வராதீங்க."

சங்கத்திலும் அதையே சொன்னார்கள். போலீஸ் கோப்பு திறந்திருந்தால் அட்டையைப் புதுப்பிக்க முடியாது. அட்டை இல்லாமல் எந்தத் தளத்துக்குள்ளும் கால் வைக்க முடியாது. ஆண்டு இறுதிக்குள் கோப்பு மூடப்படாவிட்டால் இருபத்திரண்டு ஆண்டும் போயிற்று.

மூன்றாவது வாரம் வெல்டர் வீடு தேடி வந்தார், கையில் ஒரு பை ஆரஞ்சோடு. கதவைத் திறந்தது ஏணியின் மனைவி. துணி தைக்கும் கம்பெனியில் வேலை செய்பவர். நாக்கும் ஊசிபோல்தான். எதிர்ச் சுவர்ப் பட்டறைக்காரன் என்று வெல்டர் தன்னைச் சொல்லிக்கொண்டார்.

"ஓ, நீங்கதானா. தோளை ஒடிச்சவருக்கு ஆரஞ்சு உரிச்சுத் தரணும்னு தோணியிருக்கே, நல்ல மனசு."

"அக்கா, நான்..."

"அக்காவா? அன்னிக்கு அண்ணன்னு ஒரு வார்த்தை வந்திருந்தா இன்னிக்கு அக்கா சரியா இருந்திருக்கும்."

வெல்டர் வாசலிலேயே நின்றார். உள்ளேயிருந்து ஏணி சொன்னார்: "விடு, வரட்டும். நிக்க வெச்சே பேசினா பக்கத்து வீட்டுக்காரங்க அதுக்கும் ஒரு கதை கட்டுவாங்க."

ஆரம்பத்தில் வெல்டர் வந்தது பயத்தால்தான். தன் பெயரை ஏணி சொல்லிவிடுவாரோ என்று நூல்விட்டுப் பார்க்க வந்தார். ஆனால் அந்த வீட்டில் அவர் பார்த்தது, சட்டையின் வலது கையை நுழைக்க மனைவியின் உதவிக்குக் காத்திருக்கும் ஆறடி மனிதரை. பேருந்தில் கம்பியைப் பிடிக்க முடியாமல், திங்கட்கிழமைகளில் நிலையம்வரை நடந்தே போகிறார் என்று கேள்விப்பட்டார். அடுத்த திங்கட்கிழமை காலை வாசலில் வெல்டரின் பைக் நின்றது.

"ஏறுங்கண்ணே."

"உன் வண்டியிலயா? நடுவழியில யாராவது போஸ்டர் ஒட்டியிருந்தா இறக்கி விட்டுடுவியே."

வெல்டருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. ஏணி ஏறி உட்கார்ந்தார்.

இப்படி ஒன்பது திங்கட்கிழமைகள். வழியில் பேசினார்கள். விளக்கின் சூட்டைப் பற்றி ஏணியும், கண்ணைக் கூசவைக்கும் வெல்டிங் வெளிச்சத்தைப் பற்றி வெல்டரும். இரண்டு பேருமே வெளிச்சத்தைக் கிட்டத்தில் பார்த்துப் பார்த்தே கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்கள். ஒருவர் மற்றவரை மன்னித்தார் என்று நான் எழுதப்போவதில்லை. அப்படி ஒரு பேச்சு அவர்களிடையே வரவேயில்லை.

ஏணியின் நம்பிக்கையெல்லாம் படத்தின்மேல் இருந்தது. படம் வெளிவந்தால் திரையிலேயே அந்தச் சுவர் தெரியும். "படத்துல உங்க மூஞ்சி வந்தா அன்னிக்கே மூடிடறேன்" என்று இன்ஸ்பெக்டரும் சொல்லியிருந்தார்.

வெளியான அன்று பகல் காட்சிக்கு இருவரும் போனார்கள். துரத்தல் காட்சி வந்தது. ஏணி முன்னால் சாய்ந்தார். கதாநாயகன் தெருமுனையில் திரும்பினான், அடுத்த கணம் வேறொரு தெருவில் ஓடிக்கொண்டிருந்தான். சுவர் இல்லை. அதை வெட்டி எறிந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு, ஒரு சந்தைக் கூட்டம் அந்த அப்பாவியைக் கடத்தல்காரன் என்று நினைத்துப் புரட்டியெடுத்தது. பின்னணியில் ஊதல் இசை. தியேட்டரே விழுந்து விழுந்து சிரித்தது. வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். ஏணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கதாநாயகன் முகத்தில் மூக்கு நிழல் உதட்டில் விழுந்திருந்தது. அவர் அங்கே இருந்திருந்தால் விழுந்திருக்காது.

வெளியே வந்ததும் வண்டி நிறுத்தத்தில் வெல்டர் வண்டியைக் கிளப்பாமல் நின்றார். இருக்கையைத் தூக்கி, அடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்தார்.

ஏணி பிரித்துப் பார்த்தார். அவருடைய முகம். திருப்பிப் பார்த்தார். காய்ந்த பசைக்கு அடியில், அந்தப் படத்தின் பெயரும் கம்பெனியின் பெயரும் கோணலாக அச்சாகியிருந்தன. விளம்பரத்துக்கு அடித்து வீணான தாள்களின் பின்பக்கத்தில்தான் கலைப் பிரிவு சிக்கனமாக அறிவிப்பை அச்சடித்திருந்தது.

"இத்தனை நாளா உங்கிட்டயா இருந்துச்சு?"

"ஆமாண்ணே."

"ஒன்பது வாரம் என்னக் கூட்டிட்டுப் போனியே. இதுமேல உக்காரவெச்சா கூட்டிட்டுப் போன?"

வெல்டர் இருக்கையை மூடினார். "இதக் குடுத்தா 'உங்கிட்ட எப்படி வந்துச்சு'ம்பாங்க. நான்தான் உரிச்சேன், நான்தான் அடிச்சேன்னு சொல்லணும். எனக்கு ரெண்டு பொண்ணுங்கண்ணே. படத்துல வந்துடும், இது தேவைப்படாதுன்னு நெனச்சேன்."

ஏணி தாளை மடித்து அவரிடமே திருப்பிக் கொடுத்தார். "நான் குடுத்தா நானே அச்சடிச்சேம்பாங்க. நீதான் குடுக்கணும். முடிஞ்சா வா." சொல்லிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை பைக் வரவில்லை. மனைவி சட்டைக் கையை நுழைத்துவிட்டார். ஏணி நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது வெல்டர் அங்கே இருந்தார், துவைத்துத் தேய்த்த சட்டையில். தாள் இன்ஸ்பெக்டரின் மேசைமேல் கிடந்தது.

இன்ஸ்பெக்டர் அதை முன்னும் பின்னும் திருப்பினார். கம்பெனியின் பெயரில் அவர் விரல் சற்று நின்றது. பிறகு ஏணியிடம் சொன்னார்: "உங்க கோப்ப மூடிடறேன். இன்னிக்கே சங்கத்துக்குக் கடிதம் தர்றேன். இவர் எல்லாத்தையும் ஒத்துக்கிட்டார். இவர் அடிச்சார்னு நீங்க ஒரு புகார் எழுதிக் குடுங்க, விஷயம் முடிஞ்சுது."

"அச்சடிச்சவங்க மேல?"

"அதெல்லாம் பெரிய இடம். இழுத்துக்கிட்டே போகும். உங்க வேலைதான் திரும்பக் கெடச்சிடுச்சே."

"அப்ப இவன் சின்ன இடம். அதனால சீக்கிரம் முடியும், இல்லையா சார்?"

 ஏணி ஒரு வெள்ளைத் தாள் கேட்டு வாங்கினார். வலது கை மேசை உயரத்துக்கு எழவில்லை. இடது கையால் எழுதத் தொடங்கினார். எழுத்துகள் பிள்ளைக் கிறுக்கலாக வந்தன. முதல் வரியில், தன்னைக் கேட்காமல் தன் படத்தை எடுத்து அச்சடித்த கம்பெனி. இரண்டாவது வரியில், அதைச் சுவரில் ஒட்டி அப்படியே விட்டுவிட்டுப் போனவர்கள். மூன்றாவது வரியில், சுரண்டி மறைத்துவிட்டு இல்லையென்றவர்கள். அரை மணி நேரமாயிற்று. 

நான்காவது வரிக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினார். வெல்டர் எழுந்து வந்து அவர் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"எழுதுங்கண்ணே. நிறுத்திட்டீங்கன்னா, ஆளப் பார்த்து எழுதியிருக்கார்னு முதல் மூணையும் அடிச்சுடுவாங்க."

ஏணி எழுதினார். வெல்டரின் முழுப் பெயர் அவருக்குத் தெரியாது. வெல்டரே சொன்னார். தகப்பன் பெயரைச் சொன்னார். கதவு எண்ணையும், தெருவின் பெயரையும், பட்டறைப் பலகையில் உள்ளபடி ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லிக்கொடுத்தார்.